உங்கள் புல்தரையில் நிற்கும் என் படகு குறித்து

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் நலம். அங்கே தாங்களும் சம்பந்தி அம்மாவும் பேத்தியும் நலமா என்று கேட்பது முறை. நேற்று சாயங்காலம் வரை உங்கள் வீட்டிலேயேதான் இருந்தேன் என்பதால் மூவரும் நலம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டுவிட்டேன். உங்கள் தபால் பெட்டியை என் படகு இடித்துத் தள்ளிவிட்டபடியால் இந்தக் கடிதத்தை என் மனைவி கையில் கொடுத்தனுப்புகிறேன். தபால் பெட்டிக்காக முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். புல்தரைக்கான மன்னிப்பு கீழே தனியாக வருகிறது.

தினமும் பார்க்கிற ஆளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நேரில் சொல்ல வாயெடுத்தால் நீங்கள் "உட்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுவிடுகிறீர்கள். உட்கார்ந்துவிட்டால் எனக்குக் கோபம் தங்குவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

இந்தப் படகை ஏன் வாங்கினேன் என்பது உங்களுக்கு இதுவரை தெரியாது. குடும்பத்தோடு ஏரியில் உல்லாசமாகப் போய்வர என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். அது பாதி உண்மை. பள்ளி விடுமுறைக்கு என் மகளும் மாப்பிள்ளையும் குழந்தையை இந்த முறையும் உங்கள் வீட்டில்தான் விட்டார்கள். நியாயம்தான். உங்களுக்குத் தோட்டம், ஊஞ்சல், புல்தரை எல்லாம் இருக்கிறது. எங்களுக்கு இரண்டாம் மாடியில் இரண்டு அறை, அதில் ஒன்றில் துணி காய்கிறது. ஆனால் அன்றைக்குப் போன் செய்தபோது, பக்கத்தில் நின்ற பேத்தி சம்பந்தி அம்மாவிடம், "போன்ல யாரு, இன்னொரு தாத்தாவா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. இன்னொரு தாத்தா! வீட்டில் கிடக்கும் இன்னொரு குடை மாதிரி. எனக்கு அது மிகவும் வலித்தது. அடுத்த நாளே பேப்பரில் வந்த விளம்பரத்தைப் பார்த்துக் கிளம்பிவிட்டேன்.

படகை விற்றவர் ஒரு குழாய் ரிப்பேர்க்காரர். தண்ணீர் எங்கே கசியும் என்று தெரிந்த மனிதர் ஒரு படகை விற்கிறார் என்றால் நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. ட்ரைமரான் என்றார். பெயரின் வாலைப் பிடித்துக்கொண்டே போனால் நம் கட்டுமரத்தில் போய் முடியுமாம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் வந்துவிட்டது. நடுவில் ஒரு பெரிய படகு, அது கவிழாமல் இருக்க இரு பக்கமும் ஒல்லியாக ஒவ்வொன்று. பக்கத்துப் படகுகளை மடக்கி நடுப்படகோடு ஒட்டிவைத்துவிட்டால் ட்ரெய்லரில் ஏற்றிக் காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகலாம். தண்ணீரில் இறக்கி விரித்துக்கொள்ளலாம். உள்ளே நாலு பேர் தூங்கலாம் என்றார். உண்மைதான், ஒருவர் எழுந்தபின் ஒருவர் தூங்கலாம். காற்றுக்குக் கட்டும் பாயை விரித்துக் காட்டுங்கள் என்றேன். அதற்குள் ஓர் எலிக் குடும்பம் நமக்கு முன்பே உல்லாசப் பயணம் போய்க்கொண்டிருந்தது. போன் செய்து மாப்பிள்ளையிடம் சொன்னால், "மாமா, நம்ம வீட்டுலேருந்து ஏரியே அரை நாள் தூரமாச்சே" என்கிறார். அதற்குத்தானே ட்ரெய்லர்? என் மனைவியோ காரில் உட்கார்ந்து பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, "தண்ணியில போறதுக்கு மூணு படகு எதுக்கு, ஒண்ணு போதாதா?" என்றாள். கவிழாமல் இருக்க என்று விளக்கினேன். "கவிழற சாமானை எதுக்கு வாங்கணும்?" என்றாள். அதற்குள் உங்கள் வீடு வந்துவிட்டது.

தலை நரைக்கும்வரை நில அளவைத் துறையில் இருந்தவன் நான். ஊரார் வீட்டு எல்லையையெல்லாம் அங்குலம் பிசகாமல் அளந்து கொடுத்தவன். உங்கள் வாசல் கேட்டின் அகலத்தைப் படகை எடுத்துவரும் முன்பே ஒருநாள் வந்து அளந்துவிட்டுத்தான் போனேன். நான் கைக்குட்டையைத் தேடுகிறேன் என்று நீங்கள் நினைத்தீர்கள். மடக்கிய படகின் அகலத்தையும் அளந்தேன். விரித்த படகின் அகலத்தை அளக்கவில்லை, ஏனென்றால் அங்கே விரிக்கும் உத்தேசமே எனக்கு இல்லை. பேத்திக்குக் காட்டிவிட்டு, மறுநாள் எல்லோருமாக ஏரிக்குப் போவதாகத்தான் ஏற்பாடு. குழந்தை ஒரு சுற்று சுற்றி வந்து, "மூணுன்னீங்க, மத்த ரெண்டு எங்க?" என்று கேட்டாள். விரித்துக் காட்டச் சொன்னது நீங்கள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன். பக்கத்துக்கு ஒரு போல்ட். அந்தப் பக்கத்துப் போல்ட்டை நீங்கள் உருவினீர்கள், இந்தப் பக்கத்துப் போல்ட்டை நான் உருவினேன். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் விரிந்தன. ஒன்று உங்கள் கார் ஷெட்டின் கதவை அடைத்துக்கொண்டு நின்றது. இன்னொன்று, "புல்லில் நடக்க வேண்டாம்" என்று உங்கள் வீட்டாருக்கே நீங்கள் எழுதிவைத்திருக்கும் பலகையைச் சாய்த்துவிட்டுப் புல்தரையில் போய் நின்றது. புல்தரைக்கான மன்னிப்பை இந்த இடத்தில் சேர்த்துக்கொள்ளவும். ஆனால் அது நடக்கவில்லை, நிற்கத்தான் செய்தது என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

மறுபடி மடக்கலாம் என்று பார்த்தால் இரண்டு போல்ட்டையும் காணோம். போல்ட் போடாமல் ரோட்டில் இழுத்துப் போனால் போகிற வழியில் படகு தானாக விரிந்து இரண்டு பக்கத்து வீடுகளையும் துடைத்துக்கொண்டு போய்விடும். கடை கடையாக ஏறி இறங்கினேன். படகு செய்த கம்பெனியையே மூடிவிட்டார்களாம், அந்த அளவில் போல்ட் எங்கும் இல்லை. லேத் பட்டறைக்காரரிடம் போனேன். "ஒண்ணு கொடுங்க, அதைப் பாத்து இன்னொண்ணு கடைஞ்சு தர்றேன். ரெண்டையும் தொலைச்சுட்டு வந்தா நான் எதைப் பாத்துக் கடையறது?" என்றார். ஆக, இரண்டில் எது கிடைத்தாலும் போதும், விஷயம் முடிந்துவிடும். கிடைக்கத்தான் இல்லை.

அன்றிலிருந்து நாம் இருவரும் உங்கள் புல்தரையில் மண்டி போட்டுத் தேடிக்கொண்டிருக்கிறோம். கல்யாணத்தன்று கை குலுக்கியதற்குப் பிறகு நாம் இவ்வளவு நேரம் சேர்ந்திருந்ததில்லை. பல் டாக்டராக இருந்த பழக்கத்தில், வாய்க்குள் விடும் அந்தக் குட்டிக் கண்ணாடியைப் போல்ட் துவாரத்தில் விட்டுப் பார்த்து, "சொத்தை இல்லை" என்று நீங்கள் சொன்னதை என் மனைவியிடம் இன்னும் சொல்லிச் சிரிக்கிறேன். கல்யாணத்திலிருந்து மாப்பிள்ளை மூலமாகவே பேசிக்கொண்டிருந்த நம் வீட்டு அம்மாக்கள் இருவரும் படகுகளுக்கு நடுவே கட்டியிருக்கும் வலைமீது காலை நீட்டிக்கொண்டு நம்மைப் பற்றிப் பேசுகிறார்கள். நாம் பக்கத்தில் போனால் நிறுத்திவிடுகிறார்கள். பாயைக் காயவைக்கலாம் என்று ஏற்றினோமே, அன்றைக்கு ஒரே காற்றில் ட்ரெய்லரோடு படகு ஒரு முழம் நகர்ந்து தபால் பெட்டி போனது. தரையிலேயே ஒரு முழம் போகிறது என்றால் தண்ணீரில் எப்படிப் போகும் என்று நீங்கள் என் தோளைத் தட்டினீர்கள். குழந்தை படகை விட்டு இறங்குவதே இல்லை. உள்ளே யார் துணைக்குப் படுப்பது என்று நமக்குள் தகராறு வந்து, கடைசியில் இரண்டு பேருமே படுத்தோம். உங்கள் முழங்கால் இடித்த இடம் இன்னும் வலிக்கிறது. சுக்கானைப் பிடித்தபடியால் உங்களுக்குக் கேப்டன் தாத்தா என்று பேர் கிடைத்தது. எனக்குக் கயிறு தாத்தா. பெரிய பதவி இல்லைதான். ஆனால் இன்னொரு தாத்தாவைவிட எவ்வளவோ மேல்.

முந்தாநாள் கை கழுவ உள்ளே வந்தபோது அலமாரியில் உங்கள் பழைய கருவித் தட்டைப் பார்த்தேன். இடுக்கிகளுக்கு நடுவே பஞ்சுத்துணியில் சுற்றி, நுனி மட்டும் தெரியும்படி கனமாக ஏதோ இருந்தது. பல் பிடுங்குகிற கருவியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அவ்வளவு பெரிய பல் யாருக்கு இருந்திருக்கும் என்றுதான் வியப்பாக இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று மாப்பிள்ளை போனில், "மாமா, ஒரு வெல்டரைக் கூப்பிட்டு ரெண்டு பக்கமும் அறுத்துட்டா படகு வெளிய வந்துடும், எங்க அப்பாவுக்கும் கார் எடுக்க வழியாகும்" என்றார். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் வேண்டாம் என்பீர்கள் என்று நினைத்தேன். வெகுநேரம் புல்லையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்க படகு, உங்க இஷ்டம்" என்று சொல்லி உள்ளே போய்விட்டீர்கள். நாற்காலி போடவில்லை. எனக்கு மனசு விட்டுப்போயிற்று. இத்தனை நாளாக உங்களுக்கு நான் பெருந்தொல்லையாக இருந்திருக்கிறேன், மரியாதைக்காகப் பொறுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

ஆகவே திங்கட்கிழமை வெல்டர் வருவார். அறுத்து எடுத்துக்கொண்டு போய்விடுவார். நான் வரமாட்டேன், எனக்குப் பார்க்கத் தெம்பில்லை. படகு போனபின் நான் தினமும் உங்கள் வீட்டுக்கு வர ஒரு காரணமும் இருக்காது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். மீதி விடுமுறைக்குப் பேத்தியை எங்களிடம் அனுப்பிவைக்க வேண்டும். இங்கே ஊஞ்சல் இல்லை, புல் இல்லை, இனிமேல் படகும் இல்லை. அவள் வரமாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம். போனில் பேசும்போது கயிறு தாத்தா என்றே கூப்பிடச் சொன்னால் போதும்.

சம்பந்தி அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பேத்திக்கு ஆசிகள். தங்கள் முழங்காலுக்கும் நலம் விழைகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மருமகளின் தகப்பன்

பின்குறிப்பு: மேலே எழுதியதெல்லாம் காலையில் எழுதியது. இப்போது நிலைமை வேறு. படகை விரித்த அன்று போட்டிருந்த சட்டையைத் துவைக்க எடுத்த என் மனைவி, அதன் பையிலிருந்து என் பக்கத்துப் போல்ட்டை எடுத்து மேசையில் வைத்தாள். நான் அதைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். இந்தக் கடிதத்தையும் ஒருதடவை படித்தாள். பிறகு, "எங்கேருந்து எடுத்தேனோ அங்கயே வெச்சுடறேன்" என்று சொல்லிப் போல்ட்டைப் பையில் போட்டு, சட்டையைத் துவைக்காமலே ஆணியில் மாட்டிவிட்டாள். அந்தப் போல்ட்டின் நுனியைப் பார்த்த பிறகுதான் உங்கள் கருவித் தட்டில் இருப்பது எந்தப் பல்லுக்கும் உரியதல்ல என்று எனக்கு உறைத்தது. நேற்று நீங்கள் ஏன் புல்லையே பார்த்தீர்கள் என்பதும் விளங்கியது. வெல்டரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். லேத் பட்டறைக்காரர் கேட்டால் மாதிரிக்குப் போல்ட் இன்னும் கிடைக்கவில்லை என்றே சொல்லுங்கள். நாளைக் காலை வழக்கம்போல் தேட வருகிறேன், நாற்காலி போட்டுவையுங்கள். பள்ளி திறக்கும்வரை என் பக்கத்தில் நீங்கள் தேடுங்கள், உங்கள் பக்கத்தில் நான் தேடுகிறேன். அதுதான் பத்திரம்.