சடையப்பருக்காக ஊதிய மூச்சு

ஒரு காட்டில், வயதானவர் இருமினால் வரிசை விலகி வழிவிடும். குளத்துத் தண்ணீரானாலும் சரி, ரேஷன் கிழங்கானாலும் சரி, பின்னாலிருந்து ஒரு இருமல் கேட்டால் போதும், மான்களெல்லாம் தள்ளி நின்றுகொள்ளும். அவ்வளவு மரியாதை. அதனால் அங்கே இருமலை யாரும் நோய் என்று நினைத்ததே இல்லை. பதவி உயர்வு என்றுதான் நினைத்தார்கள்.

காட்டிலேயே கம்பீரமாக இருமக்கூடியவர் சடையப்பர் என்ற கிழக்கரடி. நாற்பது வருஷம் தேன்கூட்டுக்குப் புகை போட்டவர். புகைப்பந்தத்தைத் தூக்கிப் பிடித்தது அவருடைய கூட்டாளி, பெரியநாச்சி என்ற யானை. தேன் சில வருஷம் கிடைத்தது, சில வருஷம் கிடைக்கவில்லை. புகை மட்டும் ஒருநாளும் குறை வைக்கவில்லை.

மூன்று வருஷமாக அவரால் இலுப்பை மரத்து உச்சிக்கு ஏற முடியவில்லை. நாலடி ஏறுவார், மூச்சு முட்டும். உடனே திரும்பிக் கண்ணைச் சுருக்கித் தூரத்து மலையைப் பார்த்து, "அடடா, என்ன காட்சி!" என்பார். காடு அவரை இயற்கை ரசிகர் என்று கொண்டாடியது. (சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. மாடிப்படி பாதியில் நின்று, வராத மெசேஜைப் படிக்கிற ஆள் நான்.) கீழே உதிர்ந்து, எறும்பு மிச்சம் வைத்த பூவைப் பொறுக்கித் தின்று, "இதுலதான் ருசியே" என்று சொல்லிக்கொள்வார். உச்சிக்கிளைப் பூவுக்கு அவர் மனசு கிடந்து அடித்துக்கொண்டது யாருக்கும் தெரியாது.

அந்த வருஷம் மரங்கொத்தி டாக்டர் முகாம் போட்டார். முந்தைய கணக்கெடுப்பில் நெஞ்சு நோயாளிகள் ஒருவர்கூட இல்லை. படிவத்தில் கேள்வி அப்படி: 'உங்களுக்கு நெஞ்சு நோய் இருப்பதாக எந்த டாக்டராவது சொல்லியிருக்கிறாரா?' டாக்டர் முகத்தையே பார்க்காத கிழடுகளெல்லாம் சத்தியமாக 'இல்லை' என்று கைநாட்டு வைத்தன. சிங்கராஜா சந்தோஷமாக, 'தூய நெஞ்சுக் காடு' என்று பலகை நட்டார். அந்த விழாவில் பேச்சைவிட இருமல்தான் அதிகம் கேட்டது. டாக்டருக்கு அப்போதே சந்தேகம் தட்டிவிட்டது.

ஆகவே இந்த முறை கேள்வி கிடையாது, குழாயில் ஊதிக் காட்ட வேண்டும். எச்சில் தெறிக்கும் என்று டாக்டர் மெஷினோடு புதருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, குழாயை மட்டும் இந்தப் பக்கம் நீட்டியிருந்தார்.

சடையப்பர் பெரியநாச்சியை ஓரமாகக் கூப்பிட்டார். நோய் என்று எழுதிவிட்டால் இலுப்பை மரத்தில் அவருக்கென்று இருந்த உச்சிக்கிளையை வேறு கரடிக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள்.

"தங்கச்சி, எனக்குப் பதிலா நீ ஊதிடு. உன் மூக்குக்கு மெஷினே பறந்துரும்."

"எனக்கு டெஸ்டே வேணாம்னுட்டாங்கண்ணே. இவ்ளோ பெரிய உடம்புக்கு என்ன வந்துரப் போவுதுன்னு," என்றாள் பெரியநாச்சி. "நமக்கென்ன நோயா? வயசாச்சு, அவ்ளோதான். தள்ளுங்க, ஊதுறேன்."

டோக்கனில் சடையப்பர் பெயர். குழாயில் பெரியநாச்சியின் தும்பிக்கை. கண் பிதுங்க, மூன்று தடவை ஊதினாள்.

"ஐயா, இனி ஆரம்பிக்கலாமே," என்றார் டாக்டர் அந்தப் பக்கத்திலிருந்து.

"ஊதியாச்சே!" என்றார் சடையப்பர்.

பெரியநாச்சி களைத்துப்போய்க் குளத்துக்கு நடந்தாள். கொஞ்ச நேரம் கழித்து டாக்டரின் குரல் தணிந்து வந்தது. "ஐயா, நெஞ்சு ரொம்பக் கெட்டிருக்கு. பல வருஷப் புகை. முழுசா சரியாகாது. ஆனா தினமும் இந்த இன்ஹேலரை இழுத்தீங்கன்னா, சிரமமில்லாம நடமாடலாம்."

அது என் நெஞ்சு இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் குட்டு உடையும். மருந்தை வாங்கிக்கொண்டார். வாங்கியதை வீணாக்குவானேன் என்று இழுக்கவும் செய்தார்.

ஒரு மாதத்தில் உச்சிக்கிளையில் இருந்தார். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தாலும் ஏறிவிட்டார். கிளையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. வாய் நிறையப் பூ, கண் நிறையத் தண்ணீர். நாமும் அதே கேஸ்தானா என்று அப்போதுதான் உறைத்தது.

கீழே இருமல் கேட்டது. மான்கள் பணிவாக விலகின. பெரியநாச்சி வந்துகொண்டிருந்தாள். நாலடி வைத்தாள். நின்றாள். திரும்பித் தூரத்து மலையைப் பார்த்தாள்.

"அடடா, என்ன காட்சிண்ணே!"

அவள் குழாயில் ஊதிய மூச்சு சடையப்பருக்கு ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. கட்டாயம் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தார். பூ சீசன் முடியட்டும், சொல்லிவிடலாம்.

நீதி: டெஸ்டுக்கு எப்போதும் உங்களைவிடத் திடகாத்திரமான ஆளை அனுப்புங்கள்; உங்களுக்குச் சரியான மருந்து கிடைத்துவிடும். போய் ஊதிய ஆளுக்கு இருக்கவே இருக்கிறது காட்சி.