குறைக்கக் குறைக்கக் கூடிய குமிழ்

எஞ்சினியர் என்ற சொல்லை நம் ஆட்கள் நம்பும் அளவுக்கு எஞ்சினியர்களே நம்புவதில்லை. கம்ப்யூட்டர் படித்தவனிடம் ஓடாத மிக்ஸியைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். சிவில் படித்தவனிடம் டிவி ரிமோட்டைக் கொடுப்பார்கள். தெரியாது என்று சொன்னால் பட்டத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிடும். அதனால் நாங்களும் வாங்கி, இரண்டு தட்டு தட்டி, "பார்ட் கிடைக்காதுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவோம். நானும் அப்படித்தான் மரியாதையாக வாழ்ந்துகொண்டிருந்தேன், இரண்டாயிரத்துப் பதினொன்று வரை.

அப்போது சிட்னியில், ஸ்ட்ராத்ஃபீல்டில், பிரபு என்ற நண்பனோடு ஒரு ஃப்ளாட்டில் இருந்தேன். வேலை சாஃப்ட்வேர் டெஸ்டிங். அதாவது அடுத்தவன் செய்ததில் குற்றம் கண்டுபிடிப்பது (அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள்). சுதாவைக் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவு செய்திருந்தேன். அவளும் முடிவு செய்திருந்தாள். முடிவு செய்யாமல் இருந்தவர் அவளுடைய அம்மா. அவர்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பம், செவன் ஹில்ஸில் வீடு. நான் விருதுநகர்.

"அம்மாவுக்கு உங்களில கோபம் ஒண்டும் இல்லை. இந்தியாக்காரன் எண்டுதான் யோசிக்கிறா" என்றாள் சுதா. "டாட் ஸ்மோக் பண்ணுறதை நீங்க நிப்பாட்டினா அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஓம் எண்டுவா. சீரியஸ்லி."

சுதாவின் அப்பாவை நான் அங்கிள் என்பேன். அவர் இளவயதிலிருந்தே புகைப்பவர். இதய டாக்டர் எச்சரித்த பிறகும் விடவில்லை. அன்ரி, அதாவது சுதாவின் அம்மா, வீட்டுக்குள் விடாததால் கராஜில் ஒரு நாற்காலி போட்டு அங்கே புகைத்துக்கொண்டிருந்தார்.

நான் அப்போதுதான் சிகரெட்டை விட்டு எலெக்ட்ரானிக் சிகரெட்டுக்கு மாறியிருந்தேன். பேனா மாதிரி இருக்கும்; இழுத்தால் ஏதோ பேருக்கு வரும். இன்டர்நெட்டில் சில பேர் சொந்தமாகவே பெட்டி செய்துகொண்டிருந்தார்கள். அதில் ரேடியோ வால்யூம் போல ஒரு குமிழ். குறைத்தால் வோல்டேஜ் குறைந்து புகை மிதமாக வரும், கூட்டினால் அடர்த்தியாக, சூடாக வரும். அங்கிளின் தொண்டைக்கு இதுதான் சரி என்று தோன்றியது. 'சால்டரிங் மிகச் சுலபம், குழந்தைகூடச் செய்யும்' என்று ஒருவர் எழுதியிருந்தார் (எந்தக் குழந்தை என்று போடவில்லை).

சால்டரிங் அயர்னை அதற்கு முன் நான் தொட்டதே இல்லை. தொட்ட அன்று, தொடக்கூடாத பக்கத்தைத் தொட்டேன். ஈயம் கம்பியில் ஒட்டுவதற்கான பொருள் என்று நினைத்திருந்தேன். அது மேஜையில் ஒட்டியது, என் சட்டையில் ஒட்டியது, பிரபுவின் பாஸ்போர்ட் உறையில் ஒட்டியது. கம்பியைக் கண்டால் மட்டும் உருண்டையாகி ஓடியது. முதலில் சூடாக்க வேண்டியது கம்பியை என்று பிறகு படித்தேன். சூடாக்கினேன். கம்பியின் உறை உருகி வழிந்தது. கம்பியைப் பிடித்துக்கொள்ள வைத்திருந்த துணி கிளிப்பும் உருகியது.

பிரபு வந்து குனிந்து பார்த்தான். "மச்சி, ஒவ்வொரு ஜாயின்ட்டும் கொண்டைக்கடலை சைஸுக்கு இருக்கு. இதை நீ மாமனாருக்குக் குடுக்கப் போற. நல்லா யோசிச்சுக்கோ."

யோசிக்கவில்லை. சோப்பு டப்பா அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி தயாரானது. மேலே ஒரு பட்டன், பக்கத்தில் குமிழ், குமிழைச் சுற்றி ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்கள். அந்தக் குமிழுக்கு அடியில் மூன்று கால்கள் உண்டு. நடுக்காலோடு எந்த ஓரக்காலைச் சேர்ப்பது என்பதில் எனக்கு இடம் வலம் மாறிவிட்டது. அதனால் ஒன்று என்பது ஐந்தாகவும், ஐந்து என்பது ஒன்றாகவும் வேலை செய்தது. நடுவில், மூன்றில் மட்டும் எந்த வித்தியாசமும் தெரியாது.

நான் மூன்றில் வைத்துச் சோதித்தேன். ஸ்ட்ராபெரி வாசத்தோடு அருமையாக வந்தது. மறுபடியும் மூன்றிலேயே சோதித்தேன். ஆபீஸில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் எடுக்கிற முதல் பாடம், நடுவில் சோதிக்காதே, இரண்டு ஓரங்களையும் சோதித்துப் பார் என்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள். அன்ரி பரிமாறியபடியே என்னை அளந்தார்.

"தம்பி ஊரில எவடம்?"

"விருதுநகர், ஆன்ட்டி."

"அங்க யாழ்ப்பாணத்து ஆக்கள் இருக்கினமோ?"

"தெரியல ஆன்ட்டி."

அதற்குப் பிறகு நண்டுக் கறி மட்டும் வந்துகொண்டிருந்தது.

சாப்பிட்டதும் அங்கிள் கராஜுக்கு நழுவினார். நானும் போனேன். அரிசி மூட்டைகள், மடக்கு நாற்காலிகள், ஒரு பெரிய ஃப்ரீசர். அதற்கு முந்தின நாள்தான் மீன் சந்தைக்குப் போய் அறக்குளா (நம் ஊர் வஞ்சிரம்) வாங்கி, வெட்டி, ஐஸ்கிரீம் டப்பாக்களில் போட்டு அதை நிரப்பியிருந்தார்கள். நான் பெட்டியை எடுத்துக் கொடுத்தேன்.

"இதை நீரே செய்தனீரோ?" அங்கிள் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எஞ்சினியர் எண்டால் இப்பிடித்தான் இருக்கவேணும்."

மூன்றில் இழுத்தார். "பரவாயில்லை. கொஞ்சம் காரமாக் கிடக்கு."

"குறைச்சுக்கலாம் அங்கிள்" என்று இரண்டுக்குத் திருப்பினேன்.

இழுத்தார். இருமினார். "தம்பி, கூடுதெல்லோ?"

"புதுசுல அப்படித்தான் இருக்கும் அங்கிள்" என்று சொல்லி, பெருந்தன்மையோடு ஒன்றுக்குத் திருப்பினேன்.

பல வருடச் சிகரெட் பழக்கத்தின் பலத்தோடு அங்கிள் ஆழமாக இழுத்தார். அவர் கண்கள் முதலில் பெரிதாகின, பிறகு காணாமல் போயின. உலோக முனை உதட்டைச் சுட்டதில் பெட்டியை வீசினார். அது விழுந்த வேகத்தில் பட்டன் உள்ளேயே மாட்டிக்கொண்டது. யாரும் இழுக்காமலே பெட்டி தானாகப் புகைய ஆரம்பித்தது. பிளாஸ்டிக் உருகும் நாற்றம். நான் செய்த முடிவு எனக்கு அப்போது விஞ்ஞானபூர்வமாகவே பட்டது: சூடான பொருளைக் குளிரான இடத்தில் வைக்க வேண்டும். ஃப்ரீசரைத் திறந்து உள்ளே போட்டு மூடினேன்.

அன்ரி ஓடிவந்தார். அங்கிளின் உதடு அதற்குள் வடை மாதிரி வீங்கியிருந்தது. சுதா ஐஸ் எடுக்க ஓடினாள். அன்ரி என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. இவ்வளவுதான் இவன் என்ற தெளிவு மட்டும் இருந்தது. வெட்கத்தில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ரயிலேறினேன். வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் ஃப்ரீசருக்குள் கிடந்த பெட்டி ஞாபகம் வந்தது. ஃபோன் செய்யத் தைரியம் வரவில்லை.

நாலு நாள் கழித்து சுதா கூப்பிட்டாள். "ஞாயிற்றுக்கிழமை உங்களை வரட்டாம் எண்டு அம்மா சொல்லுறா. ஏன் எண்டு எனக்குத் தெரியாது."

முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்லப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன். அன்ரி தட்டை வைத்து, சோறு போட்டு, மீன் குழம்பை ஊற்றினார். ஒரு வாய் வைத்தேன். முதலில் மிளகாய், அடுத்து புளி, அதற்குப் பின்னால் மெதுவாக ஸ்ட்ராபெரி வந்தது. கடைசியில் கொஞ்சம் பிளாஸ்டிக்.

"எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கு ஆன்ட்டி."

"நல்லது. மீன் முடியுமட்டும் வாரும். நாங்கள் ஒருத்தரும் வாயில வைக்கேல்லை. காசு குடுத்து வாங்கின மீன், எறியவும் மனம் வரேல்லை."

அப்படியாக ஞாயிற்றுக்கிழமைதோறும் போனேன். பொரியல், சொதி, கட்லெட் என்று அன்ரி எல்லா வேஷமும் போட்டுப் பார்த்தார். ஸ்ட்ராபெரி எதிலும் ஒளியவில்லை. நான் தின்பதைப் பார்ப்பதற்கென்றே அங்கிள் எதிரில் உட்கார்ந்திருப்பார். நடுவில் எப்போதோ விருந்தாளித் தட்டு போய், வீட்டுத் தட்டு வந்தது. வரும்போது கொத்தமல்லி வாங்கிவரச் சொன்னார்கள். என் அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றி அன்ரி விசாரித்தார், அடுத்த வாரம் அது எப்படி இருக்கிறது என்றும் கேட்டார்.

கடைசி டப்பாவும் காலியான அன்று எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. அடுத்த ஞாயிறு வருவதற்கு இனி ஒரு காரணமும் இல்லை. கை கழுவிவிட்டு, என்ன சொல்லி விடைபெறுவது என்று தெரியாமல் குசினி வாசலில் நின்றேன். அன்ரி டப்பாவைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"உங்கட அம்மான்ர ஃபோன் நம்பரைத் தந்திட்டுப் போம், தம்பி. கதைக்கவேணும்."

அங்கிள் சிகரெட்டை விடவில்லை. உதடு ஆறும்வரை மட்டும் விட்டிருந்தார். என்னை இன்றுவரை அந்த வீட்டில் ஒரு பல்பு மாட்டவும் யாரும் விடுவதில்லை. ஆனால் சொந்தத்தில் எந்தப் பெண்ணாவது ஒரு பையனைக் கூட்டிவந்து உட்கார வைத்தால், அங்கிள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அன்ரி பக்கம் குனிந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்பார்:

"ஃப்ரீசருக்க பழுதாப் போனது ஏதும் கிடக்கோ?"