லைனக்காவும் ஒற்றன் திருமேனியும்

தென்காசியிலிருந்து குற்றாலம் வரைக்கும் எந்த வீட்டில் யார் யாரோடு முறைத்துக்கொண்டிருக்கிறார்கள், எந்தக் கடை எப்போது மூடப்போகிறது, எந்தப் பெரிய மனிதருக்கு எந்த ஊரில் இன்னொரு வீடு என்று அத்தனையும் தெரிந்திருந்தும், அதில் ஒரு சொல்லைக்கூட வெளியே விடாமல் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கிய மனுஷி இந்தப் பூமியில் ஒருத்திதான் இருந்தாள். அவள்தான் லைனக்கா.

சொந்தப் பெயர் ஆபீஸ் ரிகார்டில் மட்டும் இருந்தது. அறுபதுகளின் தொடக்கம் அது. குற்றாலம் போகிற ரோட்டில் ஒரு வாடகைக் கட்டிடத்தில் எங்கள் சின்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். நம்பர் சுழற்றுகிற போன் எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத காலம். ரிசீவரை எடுத்தால் அக்காவின் குரல் வரும். யார் வேண்டும் என்று சொன்னால், பலகையில் கார்டு என்கிற ஒயரைச் செருகி இணைப்புக் கொடுப்பாள். "லைன்ல இருங்க" என்பது அவள் நாக்கோடு பிறந்த வார்த்தை. வீட்டு வாசலில் கீரைக்காரி கூவினாலும் அடுப்படியிலிருந்து "லைன்ல இருங்க" என்றுதான் பதில் வரும். ஹெட்போன் மாட்டி மாட்டி உச்சந்தலையில் ஒரு வரப்பே விழுந்திருந்தது. நாற்பதைத் தாண்டியும் ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "எங்கேஜ்ட்" என்று சொல்லிவிட்டு அடுத்த காலுக்குப் போய்விடுவாள்.

நான் பக்கத்து மேஜையில், வெளியூருக்குப் பேசுகிற ட்ரங்க்கால்களைப் பதிவு எழுதும் குமாஸ்தா. அவளிடமிருந்து விஷயம் கறக்க ஊரே வரிசையில் நின்றதை என் கண்ணால் பார்த்தவன். சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் போதும், மங்குஸ்தான் கூடையோடு யாராவது ஜன்னலோரம் வந்து நிற்பார்கள். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் தாயி. நம்ம பங்காளி காலைல யாருக்குப் போன் போட்டான்?" அக்கா ஒரு பழத்தை உடைத்து, சுளை சுளையாகத் தின்று, விரலைத் துடைத்துக்கொண்டு, "பழம் நல்லாருக்கு அண்ணாச்சி" என்பாள். அவ்வளவுதான். கூடையும் திரும்பப் போகாது, விஷயமும் வெளியே வராது.

இதெல்லாம் சாதாரணம். அவள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ஒருநாள் கடையம் ஊர்க்காரர் ஒருவரிடம் அந்த வீட்டையே போனில் விலை பேசி முடித்தார். இணைப்புக் கொடுத்தது இவள்தான். சாயங்காலம் வீட்டுக்குப் போனாள், அவரே வாசலில் நின்றார், கும்பிட்டுவிட்டு உள்ளே போய்ச் சமைத்தாள். அவராக வந்து சொல்கிற வரைக்கும் வேறு வீடு தேடவில்லை, ஒரு பெட்டியைக்கூடக் கட்டி வைக்கவில்லை. கடைசியில் அவர் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னபோது, மார்பில் கை வைத்து, "அப்படியா அண்ணாச்சி!" என்றாளாம். நம்பும்படியான ஆச்சரியம். மறுநாள் கேட்டேன், "ஏன்க்கா, முன்னாலயே தெரியும்லா?"

"லைன்ல தெரிஞ்சது லைன்லயே கெடக்கணும்லே. அது என் வீடா இருந்தா என்ன?"

இப்படிப்பட்டவள் ஒரே ஒருத்தனுக்காக மட்டும் ஊரோடு மல்லுக்கு நின்றாள். அவன் உயிருள்ள ஆள் இல்லை. அப்போது ஒரு வாரப் பத்திரிகையில் வந்துகொண்டிருந்த சித்திரத் தொடர்கதையில் வருகிற ஒற்றன். பெயர் திருமேனி. கீழைநாட்டு ராஜா எடுத்து வளர்த்த அநாதை. மேலைநாட்டை வேவு பார்க்க அனுப்பப்பட்டு, அங்கே ராஜாவுக்கே மெய்க்காவலனாகிவிடுகிறான். போன இடத்தில், அந்த ராஜா நல்லவன் என்று தெரிந்துபோகிறது. வாரம் ஒரு பக்கம். ஒரு வாரம் மேலைநாட்டு ராஜாவைக் காப்பாற்றுவான், மறுவாரம் கீழைநாட்டுக்குச் செய்தி அனுப்புவான். தென்காசியே இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றது. நான், அவன் துரோகி என்கிற கட்சி.

"ரெண்டு பக்கமும் சோறு திங்குத பயக்கா அவன்."

"வாயில எழுதியிருக்கத மட்டும் படிச்சா அப்படித்தாம்லே இருக்கும்" என்று பக்கத்தை என் மூக்குக்கு நேரே பிடிப்பாள். "கண்ணைப் பாரு. வாய் ராஜாவுக்கு ஆமாங்குது. கண்ணு எங்கன பாக்குது? அந்த ராஜாவோட கொழந்தய. அவன் யாரையும் ஏமாத்தல. ரெண்டு பேருக்கும் உண்மையா இருக்கணும்னு நெனைக்கான். அதாம்லே அவனுக்கு நோவு."

இலஞ்சி டாக்டர் மதுரைக்கு அவசரக் கால் கேட்டுவிட்டு, "லைன் வார வரைக்கும் சொல்லும்மா, திருமேனி இந்த வாரம் என்ன செஞ்சான்?" என்பார். மதுரை வந்து கத்திக்கொண்டிருக்கும், இவர்கள் இருவரும் மேலைநாட்டுக் கோட்டையில் நிற்பார்கள். இன்னும் பத்திரிகை வாங்காதவர்களிடம் மட்டும் மூச்சு விடமாட்டாள். அது படம் போட்டவனுடைய ரகசியமாம்.

தென்காசி ஜவுளிக்கடை அண்ணாச்சி ஒருவருக்கு அக்காவைக் கண்டாலே ஆகாது. இணைப்புக் கொடுக்கக் கொஞ்சம் தாமதமானால், "ஏய் எக்ஸ்சேஞ்ச், தூங்குதியா?" என்று கத்துவார். அவள்மேல் ஒருமுறை மேலதிகாரிகளுக்குப் புகார் எழுதிப் போட்டவரும் அவர்தான். அவருடைய ஒரே மகளுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் சீசனுக்கு வந்து குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தார்.

ஒருநாள் காலையில் அந்தத் தாய்மாமன் மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மதுரைக்கு ட்ரங்க்கால் கேட்டார். குரல் கேட்கிறதா என்று ஆபரேட்டர் பலகையிலுள்ள விசையைத் தட்டி இடையிடையே கேட்டுப் பார்த்தே ஆகவேண்டும். அக்கா தட்டினாள். அப்புறம் அவள் முகம் மாறியது. கால் முடிந்தும் ஹெட்போனில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். அன்று புதுப் பத்திரிகை வந்து கிடந்தது, பிரிக்கவில்லை. சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவில்லை.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லலே."

மத்தியானம் லாட்ஜிலிருந்து மறுபடியும் அதே மதுரை நம்பர் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். லைன் கிடைத்ததும் இணைத்தாள். இணைத்த கையோடு ஜவுளிக்கடைக்கும் மணி அடித்தாள்.

"அண்ணாச்சி, லைன் ரொம்ப மோசமா இருக்கு. நீங்க பேசுனா கட்டாயிரும். வாயைத் திறக்காம லைன்ல இருங்க" என்றாள். பிறகு அந்தக் கடை லைனையும் ஓடிக்கொண்டிருந்த ட்ரங்க்காலோடு சேர்த்துவிட்டாள்.

"அக்கா, கிராஸ் ஆகுது!" என்று கிசுகிசுத்தேன். ஒரு விரலை உயர்த்தினாள். நான் அடங்கிப்போனேன்.

என்ன பேசினார்கள் என்று பின்னால்தான் ஊருக்குத் தெரிந்தது. முதல் மூன்று நிமிஷமும் அருவியில் தண்ணீர் வரத்து, எண்ணெய்க் குளியல், லாட்ஜ் சாம்பாரில் உப்பு. அண்ணாச்சி கடையில் தவித்துக்கொண்டிருக்கிறார், பேசினால் கட்டாகுமே என்ற பயத்தில் வாயைப் பொத்திக்கொண்டு. ஒரு ட்ரங்க்காலுக்கு உண்டான மூன்று நிமிஷம் முடிந்தது. யாரும் கேட்காமலே, "எக்ஸ்டென்ஷன் தந்திருக்கு, பேசுங்க" என்றாள் அக்கா.

அப்போதுதான் அது வந்தது. "பொள்ளாச்சில இருக்க நம்ம பயலோட மூத்த தாரத்தையும் பிள்ளையையும் ஆவணி வரைக்கும் வாயைத் திறக்க விடாதீங்க மச்சான். இங்கன தாலி ஏறிட்டுன்னா பொறவு ஒருத்தனும் ஒண்ணும் செய்ய முடியாது."

அண்ணாச்சி கார் எடுத்துக்கொண்டு குற்றாலம் போனார். லாட்ஜ் வாசலில் அவர் போட்ட சத்தத்தில் அருவிச் சத்தம் கேட்கவில்லை என்று குளிக்க வந்தவர்கள் சொன்னார்கள். கல்யாணம் நின்றது. லைன் கோளாறில் தானாகக் கலந்தது என்று நம்பி, குற்றாலநாதரே தன் காதில் வந்து சொன்னதாக அண்ணாச்சி கோயிலில் தேங்காயாக உடைத்துத் தள்ளினார். தாய்மாமன் ஊர் திரும்பி, தன் ட்ரங்க்காலில் இன்னொரு லைனைக் கலந்துவிட்டார்கள் என்று மேலே எழுதிப் போட்டார். விசாரணைக்குத் தேதி வந்தது.

நான் ஒரு வழி வைத்திருந்தேன். "கார்டு பழசு. சாரல் ஈரத்துல தானா சேந்துக்கிட்டுன்னு சொல்லுங்கக்கா. நான் சாட்சி சொல்லுதேன்."

அவள் அடுத்த காலுக்குக் கார்டைச் செருகினாள். அந்த வாரம்தான் சித்திரத் தொடர் முடிந்தது. இரண்டு ராஜாக்களின் படையும் எதிரெதிரே நிற்க, திருமேனி கோட்டை மதிலிலிருந்து குதித்து உயிரை விடுகிறான். கீழே 'முற்றும்'. ஊரில் பலபேர் அழுதார்கள். அக்கா பத்திரிகையைச் சுருட்டி மேஜையில் ஓங்கி அடித்தாள்.

"பாத்தியாலே! ரெண்டு பேருக்கும் பதில் சொல்லாமப் போயிட்டான். இத்தன நாளும் அவன் துரோகி இல்ல. இப்பதான் துரோகி."

விசாரணைக்கு வந்த அதிகாரி நல்ல மனுஷர். ஊரில் விஷயத்தைக் கேட்டுக்கொண்டுதான் வந்திருந்தார். "கை தவறித்தானேம்மா நடந்துபோச்சு?" என்று அவரே எடுத்துக் கொடுத்தார்.

"இல்ல சார். தெரிஞ்சேதான் சேத்தேன்."

"ஏன் சேர்த்தீங்க?"

"அதச் சொன்னா அவங்க பேசுனதச் சொல்லணும். சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுத்தான் வேலைல சேந்தேன்."

"ஊருக்கே தெரிஞ்ச விஷயமாச்சேம்மா! காரணத்தைச் சொன்னா நான் சாதகமா எழுதலாம்."

"ஊருக்குத் தெரியலாம் சார். என் வாயால தெரியல. நான் செஞ்சது தப்பு. அதுக்கு என்ன உண்டோ குடுங்க."

அதிகாரி பேனாவை மூடிக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். நானும் பார்த்தேன். தினமும் என் தூக்கிலிருந்து ஊறுகாய் எடுத்துத் தின்கிற அக்காதான். ஆனால் அந்த நிமிஷம், எழுந்து நின்று கைகட்ட வேண்டும்போல இருந்தது. பேசாமல் எழுந்து நின்றேன். ஏன் நிற்கிறேன் என்று அதிகாரியும் கேட்கவில்லை.

ராமநாதபுரம் பக்கம் மாற்றல் போட்டார்கள். கிளம்புகிற அன்று ஸ்டேஷனில், அண்ணாச்சியிடம் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்று குதித்தேன்.

"நீ சொன்னா நான் சொன்ன மாதிரிலே" என்றாள். "அந்தப் பிள்ள நல்லாருக்கும். அது போதும்." ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். ரயில் போய்விட்டது.

மறுநாள் காலையில் பலகையில் என்னை உட்கார வைத்தார்கள். முதல் மணியே ஜவுளிக்கடை.

"ஏய் எக்ஸ்சேஞ்ச்! அந்தப் பொம்பள ஒழிஞ்சாளா?"

"போயிட்டாங்க அண்ணாச்சி" என்றேன். பேசுகிற குழலைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"என்னலே, ஒண்ணும் கேக்கலையே? லைன் சரியில்லையா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமா அண்ணாச்சி, இன்னைக்கு லைன் சரியில்ல" என்றேன்.