கலங்கல் மீட்டரும் ஒரு கட்டைவிரலும்

உலகமே புரண்டாலும் வீடு மாறுவதில்லை என்று கலங்கல் சார் தீர்மானித்தார். தீர்மானத்தைக் குளியலறையில், கதவைத் தாழிட்டு, குழாயையும் திறந்துவிட்டுக்கொண்டு வாய்விட்டே சொன்னார். வீரம் என்பது காலமும் இடமும் அறிந்து காட்ட வேண்டிய குணம். அந்த வீட்டில் அதற்குத் தோதான இடம் அது ஒன்றுதான்.

பெற்றோர் வைத்த பெயர் வேறு. குடிநீர் நிலையத்துப் பரிசோதனைக்கூடத்தின் தலைமைப் பதவி அந்தப் பெயரை எப்போதோ கரைத்துவிட்டது. ஆற்றுத் தண்ணீரில் எவ்வளவு வண்டல், பெரிய குழாயில் எவ்வளவு வேகம், வெளியே போகும் தண்ணீர் எவ்வளவு தெளிவு என்றெல்லாம் அளக்கும் கருவிகள் அவர் பொறுப்பு. அவற்றுள் கலங்கல் மீட்டர் அவர் உயிர். சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீரை ஊற்றி உள்ளே வைத்தால், அது ஒளியைப் பாய்ச்சி, எவ்வளவு சிதறுகிறது என்று பார்த்து ஓர் எண் சொல்லும். ஒன்றுக்குக் கீழே இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கலாம். ஐந்தைத் தாண்டினால் கண்ணைத் திறந்துகொண்டும் குடிக்கக் கூடாது.

வில்லங்கம் சனிக்கிழமை காலை ஆரம்பித்தது.

"ஏங்க, அக்கா வீட்டுல கீழ் வீடு காலியாயிடுச்சாம்."

"பாவம்."

"என்ன பாவம்? நாம போயிடலாம்ங்கறேன்."

"இந்த வீட்டுக்கு என்ன குறைச்சல்?"

"சமையலறைக்குள்ள வந்து பாருங்க."

"வரேன். நீ கொஞ்சம் வெளிய வா."

"அதான் குறைச்சல்."

மனைவி சொன்னதில் கலப்படமில்லை. அந்தச் சமையலறையில் ஒருவர் திரும்ப வேண்டுமானால், பின்பக்கமாக வெளியே வந்து, திரும்பிக்கொண்டு, மறுபடி உள்ளே போக வேண்டும். இத்தனை வருஷத்தில் அலமாரி முனை அவள் முழங்கையில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. அக்கா வீட்டுச் சமையலறையிலோ ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மரம் வேறு.

கலங்கல் சாருக்கு ஜன்னலோடு பகையில்லை, மரத்தோடும் இல்லை. மாடியில் இருந்த சகலையோடுதான். சகலை பல் டாக்டர். எதிரே இருப்பவர் வாயைத் திறந்திருக்க வேண்டும், ஆனால் பதில் பேசக் கூடாது என்பது தொழில் அவருக்குத் தந்த பழக்கம். பஞ்சை வைத்து அடைக்காமலே ஆளைப் பேசவிடாமல் செய்துவிடுவார். கலங்கல் சாரும் சாப்பாட்டு மேஜையில் தினமும் சொற்பொழிவு நிகழ்த்துகிறவர். ஓர் உறையில் இரண்டு கத்திகூட இருக்கும். ஒரு கூடத்தில் இரண்டு பேச்சாளர்கள் இருக்க மாட்டார்கள்.

ஆனாலும் படித்தவன் நேரடியாக மறுக்க மாட்டான், ஆய்வுக்கு அனுப்புவான்.

"போகலாம், எனக்கென்ன? ஆனா அந்த வீட்டுத் தண்ணி எப்படியோ!"

"உங்க நிலையத்துத் தண்ணிதானே அங்கயும் வருது?"

"எங்க வாசலைத் தாண்டுற வரைக்கும் அது சுத்தம். அப்புறம் அவங்கவங்க வீட்டுக் குழாயில என்ன துரு, என்ன மண்ணு இருக்குன்னு யாருக்குத் தெரியும்? நாளைக்கு மீட்டரைக் கொண்டு வரேன். மீட்டர் சரின்னா சரி."

"அப்ப நீங்களே போய்ப் பிடிச்சிட்டு வாங்க."

"கூடவே கூடாது! பிடிக்கிறவங்க ஒருத்தர், சோதிக்கிறவங்க ஒருத்தர். அதுதான் முறை."

முறையாவது மண்ணாவது! போனால் சகலை பிடித்துக்கொள்வார் என்ற பயம்தான்.

இரண்டு பாட்டில்களில் 'இங்கே', 'அங்கே' என்று சீட்டு ஒட்டிக் கொடுத்தார். குழாயைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பாட்டிலை அலம்பி, அப்புறம் பிடிக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். அவள் எஞ்சியதைத் தானே சொல்லி முடித்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இதைக் கண்டு அவர் எச்சரிக்கை அடைந்திருக்க வேண்டும். பெருமைதான் அடைந்தார்.

போன மாதம் ஒரு நாள் சாப்பிடும்போது அவர் சொன்னதை இங்கே நினைவுகூர்வது நலம். "புதுசா ஒருத்தன் வேலைக்கு வந்திருக்கான். சோதிக்கிறவனை முதல்ல சோதிக்கணும்ல? ஒரே தண்ணிய ரெண்டு பாட்டில்ல ஊத்தி, ரெண்டு ஊர்ப் பேரை எழுதிக் குடுத்தேன். ரெண்டுக்கும் வேற வேற எண் சொல்றான்! ஏன்னு பார்த்தா, குப்பி மேல விரலை வச்சிருக்கான். விரல் பட்ட இடத்துல ஒளி சிதறி எண் எகிறிடும்னுகூடத் தெரியல. இவனெல்லாம் மண்வெட்டி பிடிக்கத்தான் லாயக்குன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்." மனைவி, "அப்படியா?" என்று கேட்டபடி அவர் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். மனைவி எதையும் காதில் வாங்குவதில்லை என்று நம்புகிற கணவன், அவள் வேண்டாததை மட்டும்தான் வாங்குவதில்லை என்பதைத் தாமதமாகவே அறிகிறான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சாப்பாட்டு மேஜையில் மீட்டர். எதிரே மனைவி, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு.

'இங்கே' பாட்டிலிலிருந்து ஒரு குப்பியை நிரப்பி, மெல்லிய துணியால் குழந்தைக்கு முகம் துடைப்பதுபோலத் துடைத்து, உள்ளே வைத்தார். ஒன்றுக்குக் கீழே.

"பார்த்தியா! நம்ம வீட்டுத் தண்ணி கண்ணாடி."

பிறகு இன்னொரு குப்பியில் 'அங்கே'. துடைத்தார். வைக்கப் போனவர், நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்குவதுபோலத் தலையில் ஒரு தடவு தடவினார். அன்று எண்ணெய் கொஞ்சம் தாராளமாகவே வைத்திருந்தார். கட்டைவிரல் குப்பியின் நடு வயிற்றில் அழுந்தியது. வாழ்நாளெல்லாம் எந்தப் பாவத்துக்காகப் பிறரை விரட்டினாரோ, அதே பாவம். மூடியைச் சாத்தினார்.

ஒன்பது.

"ஐயய்யோ!" என்றார், தாமே எதிர்பாராத உருக்கத்தோடு. "இதைக் குடிச்சா நம்ம வயிறு என்னத்துக்காகும்?"

"மீட்டர் தப்பாச் சொல்லியிருக்குமோ?"

"மீட்டர் பொய் சொல்லாது. மனுஷன்தான் சொல்லுவான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? ஒன்பது காட்டுற குழாய் இருக்கிற வீட்டுல ஒரு நாள் இருக்கக் கூடாது!"

"ஒரு நாள்கூடவா?"

"ஒரு நாள்கூட!"

மனைவி எழுந்து நின்றாள்.

"அப்ப நான் சாமான் கட்ட ஆரம்பிக்கிறேங்க. ரெண்டு பாட்டிலுமே நம்ம வீட்டுத் தண்ணிதான்."

கலங்கல் சார் வாயைத் திறந்தார். சகலை பார்த்திருந்தால் கடைவாய்ப் பல்வரை ஆராய்ந்திருப்பார்.

"நீ... நேத்து அக்கா வீட்டுக்குப் போனியே?"

"போனேன். அதுக்கு முன்னாடி ரெண்டையும் நம்ம குழாய்லயே நிரப்பி வச்சிட்டுத்தான் போனேன். நீங்கதானே சொன்னீங்க, சோதிக்கிறவரை முதல்ல சோதிக்கணும்னு? இப்பப் பாருங்க, ஒண்ணு சுத்தமா இருக்கு, ஒண்ணு ஒன்பது காட்டுது. ஏங்க அப்படி?"

கலங்கல் சார் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. மீட்டர் கெட்டுவிட்டது என்றால், அதைப் பராமரிக்கிறவர் அவர். கட்டைவிரலை ஒப்புக்கொண்டால், மண்வெட்டி அவர் கைக்கு வரும். மூன்றாவது வழியில் சகலை நின்றுகொண்டிருந்தார். மானமா நிம்மதியா என்று வந்தால் மனிதன் எப்போதும் மானத்தைத்தான் காப்பாற்றுகிறான். நிம்மதி கேட்பாரற்றுப் போகிறது.

"பழைய குழாய்..." என்று இழுத்தார். "உள்ள துரு. ஒரு சமயம் பெயர்ந்து வரும், ஒரு சமயம் வராது."

"அதான் ஒரு பாட்டில்ல வந்து, ஒண்ணுல வரலையா?"

"அதேதான்! ரொம்ப ஆபத்து அது!" குரலில் பழைய கம்பீரம் திரும்பியது. துருவைப் பற்றி விரிவாகவே பேசினார். பேசப் பேச, இத்தனை காலம் இந்த வீட்டில் உயிரோடு இருந்ததே அதிசயம் என்று அவருக்கே தோன்றிவிட்டது. நடுவில் சட்டென்று ஒரு துரும்பு கையில் அகப்பட்டது.

"ஆனா, அக்கா வீட்டுத் தண்ணி எப்படின்னு இன்னும் தெரியாதே!"

மனைவி சமையலறைக்குள் போய், பின்பக்கமாகவே வெளியே வந்து, மூன்றாவதாக ஒரு பாட்டிலை மேஜைமேல் வைத்தாள்.

"இதுதான் அக்கா வீட்டுத் தண்ணி. சோதிங்க. அதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் கையக் கழுவிட்டு வந்துடுங்க."

கழுவிவிட்டு வந்தார். ஒன்றுக்குக் கீழே.

சாமான் வண்டி புது வீட்டு வாசலில் நின்றபோது சகலை படியிலேயே காத்திருந்தார். "வாங்க சகலை! துருன்னு கேள்விப்பட்டேன். துரு எதனால வருதுன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டவர், கட்டில் உள்ளே போகும்வரை பதிலையும் தாமே சொல்லிக்கொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் தண்ணீர் கொடுப்பவர், தமக்குத் தண்ணீர் காட்டியவள் எங்கே என்று தேடிச் சமையலறைக்குள் தப்பி ஓடினார். இருவரும் தாராளமாக நிற்க இடமிருந்தது.

ஜன்னலோரத்தில், மரத்தின் இலைகளூடே வெளிச்சம் விழும் இடத்தில், ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மீட்டர் பெட்டியில் காணாமல் போயிருந்த அதே குப்பி. நடு வயிற்றில், எண்ணெய்ப் பிசுக்கோடு, சுழி சுழியாக ஒரு ரேகை.

"இதை இன்னும் கழுவலையா நீ?"

"கழுவுறதா? வீடு மாற நீங்க வச்ச கைநாட்டாச்சே!"