முனைவர் ரங்கசாமியைத் தேடி

ஒன்றாம் நம்பர் பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தபோது கோதை அந்த மின்னஞ்சலைத் திறந்தாள். அதனால் இறங்க வேண்டிய சத்திரம் பேருந்து நிலையத்தைக் கோட்டைவிட்டாள்.

அவளுடைய மதிப்பாய்வு வெளியாகிவிட்டதாம். உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாமாம். ஏதோ நல்ல சேதி சொல்கிற குரலில் எழுதியிருந்தார்கள்.

கோதை தாவரவியலில் முனைவர். திருச்சியில் ஒரு கல்லூரியில் ஆறு வருஷமாகத் தற்காலிக விரிவுரையாளர். வெட்டிய வாழைத்தார் எப்படிப் பழுக்கிறது என்பது அவள் ஆராய்ச்சி. அதனால்தான் இரண்டு மாதத்துக்கு முன் ஓர் ஆய்விதழ், பேராசிரியர் ப. அழகிரி எழுதிய கட்டுரையை அனுப்பி, சரியா தவறா என்று பார்த்துச் சொல்லக் கேட்டது. அவர் வேறு கல்லூரி. மேடையில் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.

அவர் கண்டுபிடித்த கரைசலில் முக்கியெடுத்தால் பூவன் தார் பதினெட்டு நாள் பழுக்காமல் இருக்கும் என்றது கட்டுரை. கோதை மூன்றாம் நாள் படத்தையும் பதினெட்டாம் நாள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டிலும் அதே காய்களில் அதே இடத்தில் அதே கறுப்புப் புள்ளிகள். 'இரண்டும் ஒரே படம்போல் இருக்கிறது, அசல் படங்களைக் காட்டவும்' என்று எழுதி அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

அனுப்புவதற்குமுன் படிவத்தில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் டிக் அடித்தாள். அதில் என்ன எழுதியிருந்தது என்று படிக்கவில்லை. யார்தான் படிக்கிறார்கள்? மதிப்பாய்வும் அதை எழுதியவர் பெயரும் எல்லோர் கண்ணிலும் பட்டால்தான் ஆராய்ச்சிமேல் ஜனங்களுக்கு நம்பிக்கை வரும் என்பது அந்த இதழின் கொள்கை. நல்ல கொள்கைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் வருகிற வெள்ளிக்கிழமை கோதையின் நிரந்தர வேலைக்கு நேர்முகத் தேர்வு. அதற்கு வெளியிலிருந்து நிபுணராக வரப்போகிறவர் பேராசிரியர் அழகிரி. போன வாரம்தான் அவளுக்கே தெரியும்.

இணைப்பைத் தொட்டாள்.

'மதிப்பாய்வாளர் 1: முனைவர் கே. ரங்கசாமி, ஸ்ரீரங்கம்.'

ரங்கசாமி அவள் அப்பா. ர. கோதை என்றால் நம் ஊரில் எல்லோருக்கும் புரியும். அந்த இதழின் படிவத்துக்குப் புரியவில்லை. குடும்பப் பெயர் என்ன, குடும்பப் பெயர் என்ன என்று விடாமல் கேட்டது. வேறு வழியில்லாமல் அப்பா பெயரைக் கொடுத்தாள். படிவம் அப்பாவுக்கு முனைவர் பட்டம் கொடுத்துவிட்டு மகளை இனிஷியலாக்கிவிட்டது.

கோதைக்குப் போன உயிர் திரும்பியது. அதற்குக் கீழே, 'மதிப்பாய்வாளர் 2: முனைவர் ஏ. பச்சைமுத்து, துறையூர்' என்பவர் மூன்றே வரியில் வேலையை முடித்திருந்தார். அருமையான ஆய்வு, படங்கள் மிகத் தெளிவு, அப்படியே வெளியிடலாம். பிழைக்கத் தெரிந்த மனிதர் என்று கோதை பொறாமைப்பட்டாள்.

நிம்மதி மதியச் சாப்பாடுவரை நீடித்தது. அப்போது சகாயராணி வந்தாள். பக்கத்து மேஜைக்காரி, அழகிரியின் பழைய மாணவி. கேட்காமலே உதவி செய்கிற நல்ல மனசு, அதுதான் அவளிடம் உள்ள ஆபத்து.

"அழகிரி சார் போன் பண்ணாரு. ஸ்ரீரங்கத்துல முனைவர் ரங்கசாமின்னு ஒருத்தர் இருக்காராமே, உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். பயந்தவர்களுக்கு ஒரு வார்த்தை போதுவதில்லை. அவர் வயதானவர், ரிட்டயர் ஆகிவிட்டார், யாரையும் பார்ப்பதில்லை என்று கோதை அடுக்கினாள். அப்படியானால் தெரிந்தவர்தான் என்று சகாயராணி புரிந்துகொண்டு போனாள்.

மறுநாள் வந்து, பேராசிரியர் அவரோடு போனில் பேச விரும்புகிறார் என்றாள். அவருக்குக் காது கேட்காது என்றாள் கோதை. ஒரு மணி நேரத்தில் மறுபடி வந்தாள். காது கேட்காதவரை நேரில் பார்ப்பதுதான் முறை என்று பேராசிரியர் சொல்லிவிட்டாராம்.

"நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு நீ கூட்டிட்டுப் போவேன்னு சொல்லிட்டேன். இண்டர்வியூக்கு முன்னாடி அவருக்கு நீ ஒரு உதவி பண்ணின மாதிரியும் இருக்கும்ல?"

ஸ்ரீரங்கத்தில் ரங்கசாமிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கோதை சொன்னபடி கேட்கிற ரங்கசாமி ஒருவர்தான். காந்தி மார்க்கெட்டில் முப்பது வருஷம் வாழை மண்டி நடத்தி ஓய்ந்து, இப்போது அம்மா மண்டபம் சாலை வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கோதை எல்லாவற்றையும் ஒப்பித்தாள். மதிப்பாய்வுகளை அச்செடுத்துக் கையில் கொடுத்தாள். ஆங்கிலத்தில் ஆள் பெயரும் ஊர் பெயரும் படிக்க அவருக்கு மண்டி கற்றுக்கொடுத்திருந்தது. மற்றதை அவளே விளக்கினாள்.

"என்ன படிச்சிருக்கீங்கன்னு கேட்டா?" என்றார் அப்பா.

"கேட்டாலும் பதில் சொல்ல வேணாம்ப்பா. காது கேக்காதுன்னு சொல்லியிருக்கேன்."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

புதன்கிழமை ஐந்து மணிக்கு அழகிரி சால்வையும் ஆப்பிளுமாக வந்தார். கோபமாக வருவார் என்று கோதை நினைத்திருந்தாள். அவரோ அவளைவிட அதிகமாக வியர்த்திருந்தார். சால்வையைப் போர்த்தக்கூட மறந்து, மடியில் வைத்துக்கொண்டு, அப்பாவின் காதருகே குனிந்து தெருவுக்கே கேட்கும்படி பேசினார். அந்தப் படங்களைப் பற்றிய வரியை மட்டும் ஐயா திரும்பப் பெற்றுக்கொண்டால் ரொம்ப உதவியாக இருக்கும் என்றார்.

"மெதுவாவே பேசுங்க," என்றார் ரங்கசாமி. "பூவன் பதினெட்டு நாள் நிக்காதுங்க. எதுல முக்குனாலும் காம்பு கறுத்துரும்."

கோதை கண்ணால் கெஞ்சினாள். அப்பா அவள் பக்கமே பார்க்கவில்லை. காபியை ஆற்றிக் குடிக்கிற அழகிரியின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வீட்டுக்கு வந்தவர்களிடம் பெரியவர்கள் வழக்கமாகக் கேட்கிறதைக் கேட்டார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"துறையூர்ப் பக்கம்."

"அப்பா பேரு?"

காபி அழகிரியின் சட்டையில் கொட்டியது. எழுந்தார். அவசர வேலை ஒன்று ஞாபகம் வந்துவிட்டது என்றார். கொண்டுவந்த சால்வையோடேயே படியிறங்கினார். செருப்பைச் சரியாக மாட்டிக்கொள்ளாமலே காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

கோதை அப்படியே தரையில் உட்கார்ந்தாள். வேலை போயிற்று. ஆறு வருஷக் காத்திருப்பு ஒரு டம்ளர் காபியோடு போயிற்று. அழுகை வந்தது. அதைவிட அதிகமாக வெட்கம் வந்தது. எழுதியது ஒவ்வொரு எழுத்தும் உண்மை. அதைத் தன் பெயரில் சொல்லத் துணிவில்லாமல், அப்பாவைச் செவிடாக்கி முன்னால் உட்காரவைத்தது மட்டும்தான் பொய்.

கைபேசியை எடுத்து ஆய்விதழுக்கு எழுதினாள். ரங்கசாமி என் தந்தை. அந்த மதிப்பாய்வை எழுதியவள் கோதை. என் பெயரையே போடுங்கள். மறுபடி படித்துப் பார்த்தால் மனசு மாறிவிடும் என்று பயந்து, படிக்காமலே அனுப்பினாள். வெள்ளிக்கிழமைக்காக இஸ்திரி போட்டு வைத்திருந்த புடவையைப் பீரோவில் திரும்ப வைத்துவிட்டு வந்தாள்.

"அவ்வளவு பெரிய மனுஷர்கிட்ட அப்பா பேரையெல்லாம் எதுக்குப்பா கேட்டீங்க?"

ரங்கசாமி அச்செடுத்த தாளை விரித்து, இரண்டாவது மதிப்பாய்வாளரின் பெயர்மேல் விரலை வைத்தார்.

"ஜாடையைப் பார்த்துட்டு ஒரு சந்தேகத்துலதாம்மா கேட்டேன், நம்ம மண்டிக்குத் தார் அனுப்பிட்டிருந்த துறையூர் பச்சைமுத்து மகன்தான் இவரு, ஆனா பச்சைமுத்து செத்துப் பன்னெண்டு வருஷம் ஆச்சே, அவரு எப்படிப் போன மாசம் இதைப் படிச்சிட்டு அருமைன்னு எழுதுனாரு?"