மாப்பிள்ளைக்கும் சொல்லாத டேக் நம்பர்

அசாம் ஜாவா, கோல சிலாங்கூர்,
30ஆம் தேதி, ஞாயிறு காலை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை மகேந்திரன் அவர்களுக்கு,

மாமா சிவானந்தம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் அத்தை நல்லம்மாளும் இரத்த அழுத்தம் நீங்கலாக நலம். அயர்லாந்தில் தங்களுக்கும் மாதவிக்கும் குளிர் சற்றுக் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். தாங்கள் என்னை அழைத்துப் பதினாறு நாள் ஆகிறது. காரணம் எனக்குத் தெரியும். தொலைபேசியில் பேசினால் எனக்கு வரிசை தவறிவிடும் என்பதால் நடந்ததை எழுதிவிடுகிறேன். படித்த பிறகு கோபித்துக்கொள்வது தங்கள் உரிமை.

தாங்கள் புறப்படும்போது இங்குள்ள தங்கள் சிம் கார்டைப் பழைய கைப்பேசி ஒன்றில் போட்டு என்னிடம் ஒப்படைத்தீர்கள். கணக்கிலிருந்து பணம் அனுப்பும்போதெல்லாம் வங்கி அந்தக் கைப்பேசிக்கு டேக் நம்பர் என்று ஆறு இலக்க ரகசிய எண் அனுப்பும், அதை வாசித்துச் சொன்னால் போதும் என்றீர்கள். தோட்ட ஆபீசில் முப்பத்தோரு வருடம் கிராணியாகக் கணக்கு எழுதியவனுக்கு ஆறு எண்ணை வாசிக்க வராதா என்று நானும் ஒப்புக்கொண்டேன். நம் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளியிருக்கும் தன் வீட்டைச் சேது தங்களுக்கே விலைக்குத் தருவதாகவும், 14ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் முன்பணம் வராவிட்டால் சபாக்கிலிருந்து வந்து பார்த்தவர்களுக்குக் கொடுத்துவிடுவதாகவும் சொல்லியிருந்தார் அல்லவா, அந்த வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு முதல் நம்பர் வந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால் எண்ணுக்குக் கீழே ஒரு வரி. இதை யாரிடமும் தெரிவிக்க வேண்டாம், வங்கி ஊழியரிடமும்கூட என்று இருந்தது. எந்தக் காகிதத்தையும் கடைசி வரி வரை படிக்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. தாங்களோ மறுமுனையில் "சொல்லுங்க மாமா, சொல்லுங்க மாமா" என்கிறீர்கள். யாரிடமும் என்பதில் மருமகனும் அடங்குவாரா என்று யோசித்தேன். குரல் தங்களுடையது போலத்தான் இருந்தது. ஆனால் ஏமாற்றுக்காரர்களின் குரலும் சொந்தக்காரர் குரல் போலவே இருக்கும் என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். நான் யோசித்து முடிப்பதற்குள் அந்த நம்பர் காலாவதியாகிவிட்டது. இரண்டாவதும் அப்படியே போயிற்று. மூன்றாவது வந்தபோது, ஒரு பாதுகாப்புக்காக, கல்யாணத்தன்று நான் போட்ட மோதிரம் எத்தனை கிராம் என்று கேட்டேன்.

"மோதிரத்த யாரு மாமா நிறுத்துப் பாத்தா?" என்றீர்கள்.

மாதவி தொலைபேசியை வாங்கிச் சரியான எடையைச் சொன்னாள். ஆனால் கணக்கு அவள் பெயரில் இல்லையே. நாலே முக்காலுக்குத் தாங்கள் தொடர்பைத் துண்டித்தீர்கள். அத்தை அடுப்படியிலிருந்து வந்தாள்.

"மக பக்கத்துல வந்து இருக்கணும்னு எத்தன கோயிலுக்கு நேந்துக்கிட்டேன். கடைசில வீட்டுக்குள்ள இருக்கிற ஆளே குறுக்க நிக்கிறாரு."

கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். அதன்பிறகு அத்தை இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

திங்களன்று, ஏதாவது வழி பிறக்குமா என்று கோல சிலாங்கூரில் உள்ள தங்கள் வங்கிக்கே போனேன். உஷாராணி என்கிற அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தத் தொலைபேசி எண் இன்னும் பதிவில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை நம்பர் அனுப்பினார். என் சட்டைப்பையில் மணி அடித்தது. நம்பரைச் சொல்லச் சொன்னார். நான் கடைசி வரியைக் காட்டினேன்.

"அங்கிள், இத அனுப்புனதே நாங்கதான் லா."

அனுப்பியவர்களே எழுதியதை அவர்கள் முன்னாலேயே நான் எப்படி மீறுவது என்று கேட்டேன். மேலாளர் வந்தார். அந்த வரியை இரண்டு முறை படித்தார். என்னைப் போன்ற வாடிக்கையாளர்கள் அபூர்வம் என்று கைகுலுக்கி, கணக்குக்காரரை நேரில் வரச் சொல்லுங்கள் என்று கதவு வரை கொண்டுவந்து விட்டார். பாராட்டினாரா, அனுப்பிவைத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

அந்த வீடு வேண்டும் என்று தங்களைவிட எனக்குத்தான் ஆசை அதிகம். மாதவி தினம் சாயங்காலம் வந்து போவாள் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஆசை அதிகமானதால்தான் அவசரத்தில் தப்புச் செய்துவிடுவேனோ என்று பயந்தேன். செய்ததும் தப்பாகிவிட்டது. வீடு கை நழுவியதற்கு நான் மட்டுமே பொறுப்பு. மாதவியைக் கோபிக்க வேண்டாம்.

மாரியம்மன் தங்கள் இருவரையும் பனியிலும் மழையிலும் காத்து, சீக்கிரம் ஊர் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

தங்கள் மன்னிப்பை வேண்டும்,
மாமா,
ப. சிவானந்தம்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, அன்றைக்கு நான் குளித்துக்கொண்டிருந்தபோது நாலாவது நம்பர் வந்ததாகவும், தான் அதைத் தங்களுக்கு வாசித்துச் சொன்னதாகவும், ஐந்து அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே சேதுவுக்கு முன்பணம் போய்ச் சேர்ந்ததாகவும் சொன்னாள். பதினாறு நாளாக என்னிடம் ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். "யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க" என்றாள். பேசினால் இது வாய் தவறி வந்துவிடுமோ என்று பயந்துதான் தாங்கள் அழைக்கவில்லை என்பதையும் அறிந்தேன். ஆகவே மேலே உள்ளதை ரத்தானதாகக் கருதவும். ஆனாலும் விதி மீறப்பட்டிருப்பதால் வங்கிக்கு இரண்டு வரி எழுதித் தெரிவித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அத்தை பேனாவைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். இந்தக் கடைசி வரிகளைப் பென்சிலால் எழுதுவதற்கு மன்னிக்கவும்.