கத்தி முன்பக்கம், உறை பின்பக்கம்

கத்தியைப் பார்த்ததும் அரைவிலையாருக்கு வாயடைத்துத்தான் போனது. மலையேறுகிறவர்களுக்கென்றே கையால் அடித்துத் தீட்டிய கத்தி. பிடி, தானாக வந்து உள்ளங்கையில் உட்கார்ந்தது. ஆனால் அவர் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. சொன்ன விலையில் பாதிக்கு மேல் கொடுத்தால் அவருக்கு அன்றைக்குத் தூக்கம் வராது. பெயரே அப்படி வந்ததுதான். மைத்துனன் நாளைக்கு மலைக்குக் கிளம்புகிறான். "பாதி விலைக்கு வாங்கிக் காட்டறேன் பாரு" என்று அவனிடமே சவால் விட்டாயிற்று. தோற்றால் மாமனார் வீட்டில் ஆயுசுக்கும் சிரிப்பார்கள்.

"உறை எங்கே?" என்று தொண்டையைச் செருமினார். பேரத்துக்கு அதுதான் முதல் படி.

"உறை பின்பக்கக் கடையில இருக்கு. என் தம்பிதான் தைக்கிறான். நீங்களே போய் வாங்கிக்குங்க சார். எனக்கும் அவனுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது," என்றார் கத்திக்காரர்.

அரைவிலையார் கத்தியோடு கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போனார். தம்பி தோலுறையை நீட்டினார். கத்தி முக்கால்வாசி போய், பிடியின் கழுத்தில் சிக்கிக்கொண்டது.

"இது கத்தியா, கடப்பாரையா? பிடிய இழைக்கச் சொல்லுங்க அவர."

"நீங்க உறையைக் கொஞ்சம் தளர்த்தினா..."

"நான் எதுக்குத் தளர்த்தணும்? சின்ன வயசுலேர்ந்து நான்தான் விட்டுக்கொடுத்துக்கிட்டு இருக்கேன்."

இந்த வசவையும் அரைவிலையார் வழியிலேயே பாதியாகக் குறைத்து, "பிடிய லேசா இழைக்க முடியுமான்னு தம்பி பணிவா கேட்டாரு" என்று கொண்டுபோய்ச் சேர்த்தார்.

"பணிவாவா? அவனா? அப்ப இதுல ஏதோ உள்குத்து இருக்கு." கத்திக்காரர் சாணைச் சக்கரத்தில் பிடியைக் கொடுத்துத் தேய்த்த தேய்ப்பில், கத்தி இப்போது உறைக்குள் கிலுகிலுப்பை மாதிரி ஆடியது. கவிழ்த்துப் பிடித்தால் காலில் விழும்.

"பாத்தீங்களா, என் உறை நிக்கக்கூடாதுன்னே பண்றாரு." தம்பி உறையைக் கவிழ்த்துக் காட்டினார்.

"அப்படிச் சொல்லாதீங்க. உங்க தையலை அண்ணன் எப்படிப் புகழ்ந்தாரு தெரியுமா?" என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டார் அரைவிலையார்.

தம்பி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவரே புகழ்ந்தாருன்னா எங்கேயோ கோளாறு இருக்கு." சொன்ன கையோடு தையல் முழுவதையும் பிரித்துப் போட்டுவிட்டார்.

அரைவிலையாருக்குத் தலை சுற்றியது. கையில் உறையில்லாத கத்தி, மேசைமேல் வெறுந்தோல். யார் சொன்னது யாருக்கு என்பதே குழம்பிப்போய், தம்பியின் புகாரைத் தம்பியிடமே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். எதற்கு வந்தோம் என்பதே மெல்ல மங்க ஆரம்பித்தது.

"அந்த விலை விஷயம்..." என்று முன்பக்கத்தில் ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"விலை கிடக்குது விடுங்க சார்," என்று கண்ணைத் துடைத்தார் கத்திக்காரர். "கூடப் பிறந்தவன் முகம் கொடுத்துப் பேசமாட்டேங்கிறான். அதுக்கு நீங்க ஒரு விலை சொல்லுங்களேன்."

அதற்கு மேலும் பேரம் பேச அவர் மனசு என்ன கருங்கல்லா?

கடைசியில் தம்பியைக் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்து அண்ணன் முன்னால் நிறுத்தினார். "அளவு எடுக்கவாவது பக்கத்துல உட்காருங்கப்பா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

உட்கார்ந்தார்கள். அண்ணன் கத்தியைப் பிடிக்க, தம்பி தோலை லேசாக நனைத்து அதன்மேல் மடித்து, மெழுகு நூலால் தைத்தார். கத்தி உள்ளே வழுக்கிக்கொண்டு போய் 'டக்'கென்று நின்றது.

"நல்லாத்தான்டா தைக்கிறே," என்றார் அண்ணன்.

தம்பி அழுதார். அரைவிலையாரும் அழுதார். அழுதுகொண்டே இருவருக்கும் கேட்ட விலையை முழுசாகக் கொடுத்து, மேலேயும் கொஞ்சம் வைத்து, "ரெண்டு பேரும் இன்னிக்கு ஒண்ணா உக்காந்து சாப்பிடணும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

வாசலோரம் சாவி போடுகிறவர் அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். அரைவிலையாருக்குப் பெருமை தாங்கவில்லை.

"கத்திக்காரரையும் தம்பியையும் சேத்து வச்சுட்டேன் பெரியவரே."

சாவிக்காரர் ராவுவதை நிறுத்தாமலே தெருப்பக்கம் பார்த்தார்.

"சந்தோஷம் சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அதோ பேரம் பேசுற ஆள் இன்னொருத்தர் வர்றாரு, தம்பிக்குக் குரல் கொடுத்துப் பின்பக்கம் அனுப்பணும், அவங்க மறுபடி சண்டை போடணுமில்ல?"